பழைய வேற்றுக்கிரக ஓவியத்தைப் புத்தக அட்டையில் போடுவதற்கு முன்

என் அறிவியல் புனைகதைத் தொகுப்புக்கு அட்டைப்படம் தேடிக்கொண்டிருந்தபோது, படங்களைச் சேர்த்துவைக்கும் ஒரு தளத்தில் அந்த ஓவியம் கண்ணில் பட்டது. ஊதா வானம், இரண்டு நிலவுகள், எட்டுக் கால்களோடு ஒரு பிராணி, தூரத்தில் கண்ணாடிக் கோபுரங்கள். கீழே '1930-கள், அமெரிக்க இதழ்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். தொண்ணூறு வருடப் பழசு, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று எடுத்துப் போட்டேன். 300 பிரதிகள் அச்சாகி, மின்னூலும் விற்பனைக்கு வந்த மூன்றாவது வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ரொம்ப மரியாதையான மின்னஞ்சல்தான். அந்தப் படம் பழையதே இல்லை. பழைய பாணியில் இன்றைய ஓவியர் ஒருவர் வரைந்தது, மின்னஞ்சலை எழுதியவரும் அவரே. அதே வாரம் மின்னூல் தளம் உரிமைச் சான்று கேட்டது. என்னிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை. மின்னூலை இறக்கிவிட்டார்கள். அச்சுப் பிரதிகளின் அட்டையைப் பிரித்து, புது அட்டை அடித்து, மறுபடி பைண்டிங் செய்தேன். பணம் போனதைவிட, புத்தகக் கண்காட்சி கைநழுவிப் போனதுதான் வலித்தது.

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தேன். அந்த வழியை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன். இது சிறு பதிப்பாளர்களுக்கும், சொந்தமாகப் புத்தகம் போடுபவர்களுக்கும், சிற்றிதழ் நடத்துபவர்களுக்குமான வழிகாட்டி. நான் வழக்கறிஞர் இல்லை. பெரிய அச்சு எண்ணிக்கை என்றால் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டிவிடுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு நாட்டுடைமைப் பட்டியல் பழக்கம். அரசு அறிவித்துவிட்டால் அந்த எழுத்தாளரின் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் போடலாம். அமெரிக்க இதழ் ஓவியங்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் பட்டியல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு முழுவதும், படம் முதலில் எந்த இதழில், எந்த மாதம் அச்சானது என்ற ஒரே தகவலில் தொடங்குகிறது. அது தெரியாத படத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

1. படத்தின் பிறப்பிடத்தைக் கண்டுபிடியுங்கள்

கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டிலும் படத்தைப் போட்டுத் தேடுங்கள். இதழின் பெயரோ மாதமோ கிடைத்ததும் ஐஎஸ்எஃப்டிபி என்ற தளத்துக்குப் போங்கள். அறிவியல் புனைகதைகளுக்கான தரவுத்தளம் அது. இதழின் பெயரைத் தட்டினால் மாதவாரியாகப் பட்டியல் வரும். அட்டையை வரைந்தவர் யார், உள்ளே எந்தக் கதைக்கு யார் படம் போட்டார் என்பது வரை பெரும்பாலும் இருக்கும். இதற்குக் காசு இல்லை.

அதோடு நிற்காதீர்கள். இன்டர்நெட் ஆர்கைவில் பல்ப் இதழ்களுக்கென்று, அதாவது மலிவுத் தாளில் அச்சான அந்தக் காலக் கதை இதழ்களுக்கென்று, தனித் தொகுப்பு இருக்கிறது. அதில் அந்த இதழைத் திறந்து, படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பொருளடக்கப் பக்கத்தின் அடியில் பதிப்புரிமை அறிவிப்பும் வருடமும் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் வேண்டும்.

இங்கே மூன்று பொறிகள். முதலாவது, நான் விழுந்தது: பழைய பாணியில் இன்று வரையப்பட்டவை. இரண்டாவது, செயற்கை நுண்ணறிவு துப்பும் 'பழைய' அட்டைகள். மேலே உள்ள இதழ்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் பாருங்கள், பலவற்றில் எழுத்தே இருக்காது, கிறுக்கல்தான் இருக்கும். விலை, மாதம் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். மூன்றாவது, பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இப்போது யாராவது வண்ணம் தீட்டியது. மூலப்படம் பொதுச்சொத்தாக (உரிமை முடிந்து யாரும் பயன்படுத்தலாம் என்ற நிலையில்) இருந்தாலும் அந்த வண்ண வடிவத்தில் தீட்டியவருக்கு உரிமை இருக்கலாம். மூலத்தை எடுத்து நீங்களே வண்ணம் போட்டுக்கொள்வது நல்லது.

2. ஓவியரின் இறப்பு ஆண்டை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

அமெரிக்கக் கணக்குக்கு அச்சான ஆண்டு போதும். இந்தியக் கணக்குக்கு ஓவியர் இறந்த ஆண்டு வேண்டும். அடிக்கடி எதிர்ப்படும் சிலரைச் சொல்கிறேன். ஃபிராங்க் ஆர். பால் 1963-இல் இறந்தார். ஹோவர்ட் வி. பிரௌன் 1945. ஏர்ல் பெர்கி 1952. ஹானஸ் போக் 1964. வெர்ஜில் ஃபின்லே 1971. செஸ்லி போன்ஸ்டெல் 1986. எட் கார்ட்டியர் 2008. கடைசிப் பெயரைப் பாருங்கள். 1940-களில் அவர் வரைந்த விசித்திரப் பிராணிகளைப் பார்த்துவிட்டு, இவர் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைப்போம். படத்தின் வயதை வைத்து ஓவியரின் காலத்தை ஊகிக்கக் கூடாது.

கையெழுத்து இல்லை, ஐஎஸ்எஃப்டிபியிலும் பெயர் இல்லை என்றால் வேறு படம் பாருங்கள். பெயர் தெரியாத படைப்புக்கு இந்தியாவில் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்று தனி விதி உண்டுதான். ஆனால் பெயர் 'தெரியாது' என்பதை நிரூபிப்பது, தெரிந்த பெயரை நிரூபிப்பதைவிடப் பெரிய வேலை.

3. அமெரிக்கக் கணக்கு: மூன்று பெட்டிகள்

அமெரிக்காவில் முதலில் வெளியான இதழ் என்றால், அச்சான ஆண்டை வைத்து மூன்று பெட்டிகளில் ஒன்றில் போடுங்கள்.

1930 வரை வெளியானது முதல் பெட்டி. 95 ஆண்டுகள் முடிந்துவிட்டதால் அமெரிக்காவில் பொதுச்சொத்து. 1930-இல் வெளியானவை 2026 ஜனவரி 1 அன்று இந்தப் பெட்டிக்கு வந்தன. ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் எல்லை ஓர் ஆண்டு நகரும்.

1931 முதல் 1963 வரை வெளியானது இரண்டாம் பெட்டி. அந்தக் காலச் சட்டப்படி முதல் 28 ஆண்டுகள் முடியும் தறுவாயில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்திருந்தால் மொத்தம் 95 ஆண்டுகள். புதுப்பிக்க மறந்திருந்தால், அல்லது அதற்குள் பதிப்பகமே மூடியிருந்தால், 28 ஆண்டோடு சரி. இதைக் கண்டுபிடிப்பதுதான் அடுத்த படி.

1964 முதல் வெளியானது மூன்றாம் பெட்டி. புதுப்பித்தல் தானாகவே நடந்துவிட்டது. புதிதாக இறங்குபவர்கள் தொட வேண்டாம்.

முதல் முறை என்றால் என் யோசனை, முதல் பெட்டியைத் தாண்டாதீர்கள். அதிலேயே புதையல் இருக்கிறது. அமேசிங் ஸ்டோரீஸ் இதழ் 1926 ஏப்ரலில் தொடங்கியது. 1929 வரை அதன் அட்டைகள் பெரும்பாலும் ஃபிராங்க் ஆர். பால் கைவண்ணம். 1927 ஆகஸ்ட் அட்டையில் செவ்வாய்க் கிரகத்தாரின் மூன்றுகால் எந்திரங்கள் நெருப்பைக் கக்கும். பிறகு அவர் சயின்ஸ் வொண்டர் ஸ்டோரீஸுக்குப் போனார். அதன் 1929 நவம்பர் அட்டையில் தட்டு வடிவ விண்கலம் ஒன்று ஈஃபில் கோபுரத்தையே தூக்கிக்கொண்டு போகும். பால் கட்டடக்கலை படித்தவர். நகரங்களும் எந்திரங்களும் அசத்தும், மனிதர்கள் மட்டும் மரப்பாச்சி மாதிரி நிற்பார்கள். அட்டைக்கு வேண்டியது வேற்றுக்கிரகம்தானே, மனிதர்களை வெட்டிவிடலாம். 1930 ஜனவரியில் தொடங்கிய அஸ்டவுண்டிங் இதழின் முதல் அட்டையில் ராட்சத வண்டோடு ஒருவர் மல்லுக்கட்டுவார். வரைந்தவர் வெஸோ, 1940-களிலேயே இறந்துவிட்டார். அதுவும் இந்தப் பெட்டிதான்.

ஒரு நுணுக்கம். அந்த இதழ்கள் அட்டையில் போட்டிருக்கும் மாதத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிடும். '1931 ஜனவரி' என்று போட்டிருப்பது 1930 டிசம்பரில் வெளியாகியிருக்கலாம். சட்டம் பார்ப்பது உண்மையில் வெளியான தேதியைத்தான். அந்தத் தேதி அடுத்த படியில் வரும் பதிவேட்டில் இருக்கும்.

வேறு நாட்டு இதழ்களுக்கு இந்தப் பெட்டிக் கணக்கு அப்படியே பொருந்தாது. பிரிட்டன், சோவியத், போலந்து ஓவியங்களை 'புதுப்பிக்கவில்லை, அதனால் இலவசம்' என்று சொல்லிப் பகிர்பவர்கள் நிறைய. வெளிநாட்டுப் படைப்புகள் பலவற்றுக்கு 1996-இல் அமெரிக்கா உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. ஐரோப்பிய ஓவியம்தான் வேண்டும் என்றால், சீக்கிரம் இறந்துபோன, 1930-க்கு முன் அச்சான ஓவியராகப் பாருங்கள். பிரேசில்காரரான என்ரிக்கி அல்வின் கொர்ரேயா 1906-இல் பிரஸ்ஸல்ஸில் வெளியான, எச். ஜி. வெல்ஸின் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' நாவலின் 500 பிரதிப் பதிப்புக்கு வரைந்த செவ்வாய்க் கிரகத்தார் இருக்கிறார்களே, அவர்களுக்கு நிகர் அதற்குப் பிறகும் இல்லை என்பது என் கட்சி. அவர் 1910-இலேயே இறந்துவிட்டார். எந்த நாட்டுக் கணக்கிலும் சிக்கல் இல்லை.

4. புதுப்பித்தார்களா என்று தேடுவது

முதல் பெட்டிப் படம் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். 1931 முதல் 1963 வரை என்றால் இங்கேதான் நேரம் போகும்.

முதலில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் புக்ஸ் பேஜ் தளத்தில் இருக்கும் பருவ இதழ்ப் பட்டியலைப் பாருங்கள். எந்த இதழில் எந்த மாதத்திலிருந்து புதுப்பித்தல் தொடங்குகிறது என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள். உங்கள் மாதம் அந்த எல்லைக்குப் பிறகு என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் பதிப்பகத்தின் கைக்குப் போன பிறகான அஸ்டவுண்டிங் இப்படித்தான். பதிப்பகம் உயிரோடு இருந்தது, கணக்காகப் புதுப்பித்தார்கள்.

எல்லைக்கு முன் என்றால் ஆதாரம் திரட்ட வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் வெளியிட்ட கேட்டலாக் ஆஃப் காப்பிரைட் என்ட்ரீஸ் என்ற தொகுதிகள் ஸ்கேனாக இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கின்றன. 1977 வரையிலான புதுப்பித்தல்கள் இவற்றில் இருக்கும். 1978 முதலானவை அந்த அலுவலகத்தின் இணையப் பட்டியலில். ஆக, 1950-ஐ ஒட்டி வெளியான இதழுக்கு இரண்டையும் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஃபென்டாஸ்டிக் அட்வென்ச்சர்ஸ் இதழின் 1939 மே மாதப் பின்னட்டையில் பால் ஒரு செவ்வாய்க் கிரக மனிதனை வரைந்திருக்கிறார். காற்று மெலிந்த கிரகம், அதனால் பெரிய காது, பெரிய மார்பு என்று கூடவே விளக்கமும் உண்டு. இதைப் பயன்படுத்தலாமா என்று தேடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 28-ஆம் ஆண்டு என்பது 1966-இன் முதல் பாதியிலிருந்து 1967-இன் முதல் பாதி வரை. தொகுதிகள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஆகவே 1966-இன் இரண்டு அரையாண்டும், 1967-இன் முதல் அரையாண்டும். பதிவு தாமதமாக ஏறியிருக்கலாம் என்பதால் 1967-இன் இரண்டாம் அரையாண்டையும் சேர்த்துக்கொள்வேன்.

ஒவ்வொரு அரையாண்டிலும் மூன்று பாகங்களைப் பார்க்க வேண்டும். பாகம் 2 பருவ இதழ்கள். இதழ் முழுவதையும் பதிப்பகம் புதுப்பித்ததா என்பதற்கு. பாகம் 7 முதல் 11ஏ வரை ஒரே தொகுதி, கலைப் படைப்புகள். ஓவியர் தன் பெயரில் புதுப்பித்தாரா என்பதற்கு. பாகம் 1-இல் புத்தகங்களோடு இதழ்களில் வந்த தனிப் படைப்புகளும் இருக்கும். பெரும்பாலும் கதைகள்தான், இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். இதழின் பெயர், பதிப்பகத்தின் பெயர், ஓவியரின் குடும்பப் பெயர் மூன்றையும் போட்டுத் தேடுங்கள். எடுத்துக்காட்டில் பதிப்பகம் ஸிஃப் டேவிஸ்.

ஸ்கேனில் சொல் தேடலை மட்டும் நம்பாதீர்கள். பொடி எழுத்து, மங்கிய அச்சு. எழுத்துணரி (ஸ்கேனில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) சில பெயர்களை அடையாளம் தெரியாமல் குதறி வைத்திருக்கும். அகரவரிசைப்படி அந்தப் பக்கத்துக்கே போய்க் கண்ணால் பாருங்கள். ஒரு படத்துக்கு எனக்கு இரண்டு மாலை பிடித்தது. 'இல்லை' என்று தெரிந்த பக்கத்தையும் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். இல்லாததற்கு அதுதான் ஆதாரம்.

இதில் பெரிய பொறி ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் புதுப்பித்தல் தரவுத்தளம். எல்லோரும் அங்கேதான் முதலில் போவார்கள், நானும் போனேன். தேடினால் ஒன்றும் வராது. 'ஆஹா, புதுப்பிக்கவில்லை' என்று துள்ளுவோம். அது புத்தகங்களுக்கு மட்டுமான தளம். இதழ்களும் ஓவியங்களும் அதில் இருக்கவே இருக்காது.

அதேபோல் புராஜெக்ட் குட்டன்பர்க்கில் பழைய அறிவியல் புனைகதைகள் படங்களோடு கிடைக்கும். முன்குறிப்பில், உரிமை புதுப்பிக்கப்பட்டதாகத் தேடியவரை ஆதாரம் இல்லை என்று எழுதியிருப்பார்கள். நல்ல அறிகுறிதான். ஆனால் அவர்கள் பார்ப்பது அமெரிக்கச் சட்டத்தை மட்டும், அதுவும் முக்கியமாகக் கதைக்காக. விக்கிமீடியா காமன்ஸில் இருக்கும் உரிமைக் குறிப்பும் யாரோ ஒரு தன்னார்வலர் போட்டதுதான். இரண்டையும் துப்பாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக வைத்துக்கொள்ள முடியாது.

தேடப் பொறுமை இல்லை என்றால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமே பணம் வாங்கிக்கொண்டு தேடித் தரும். கட்டணம் மணிக்கு 200 டாலர், குறைந்தது இரண்டு மணி நேரம். ஆக 400 டாலர். அனுப்பும் முன் நடப்புக் கட்டணத்தைச் சரிபாருங்கள். 300 பிரதிப் புத்தகத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. முதல் பெட்டியில் வேறு படம் எடுத்துவிடலாம்.

5. இந்தியக் கணக்கு, விற்கும் நாடுகளின் கணக்கு

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓவியரின் ஆயுள், அதற்குப் பின் 60 ஆண்டுகள். இறந்ததற்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும். பால் 1963-இல் இறந்தார், ஆகவே 2023 முடிவோடு சரி. 2024 ஜனவரி 1 முதல் அவர் படங்கள் இங்கே பொதுச்சொத்து. போக் 2025 முதல். ஃபின்லே 2031 முடியும்வரை காத்திருக்க வேண்டும். கார்ட்டியர் என்றால் 2068 வரை.

இதில் ஒரு சலுகையும் உண்டு. 1999-ஆம் ஆண்டு சர்வதேசப் பதிப்புரிமை ஆணைப்படி, வெளிநாட்டுப் படைப்புக்கு இங்கே கிடைக்கும் காலம் அதன் சொந்த நாட்டில் கிடைப்பதைத் தாண்டாது. அதாவது ஃபின்லேயின் ஒரு படம் அமெரிக்காவில் புதுப்பிக்கப்படாமல் பொதுச்சொத்தாகியிருந்தால் இங்கேயும் பயன்படுத்த வழி இருக்கிறது. ஆனால் அப்போது உங்கள் பாதுகாப்பு முழுவதும் நான்காம் படியில் திரட்டிய ஆதாரத்தில்தான் நிற்கும். அங்கே ஒரு தொகுதியைப் பார்க்காமல் விட்டிருந்தால் இங்கே மாட்டுவோம். இரண்டு கணக்கிலும் தனித்தனியாகத் தேறும் படத்தைத்தான் நான் எடுப்பேன். பாலின் 1927 ஆகஸ்ட் அட்டை அப்படிப்பட்டது.

மின்னூல் என்றால் இன்னொரு சுற்று. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆயுளோடு 70 ஆண்டுகள், பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதேதான். மலேசியாவில் 50. யாழ்ப்பாணத்திலோ லண்டனிலோ அச்சடித்து விற்பதாக இருந்தால் பாலுக்கு 2033 முடிவு வரை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மின்னூல் தளங்கள் பலவற்றில் எந்தெந்த நாடுகளில் விற்க உரிமை இருக்கிறது என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். நாம் யோசிக்காமல் 'உலகம் முழுவதும்' என்பதை அழுத்திவிடுவோம். நான் இரண்டாவது முறை நாடு நாடாகத் தேர்ந்தெடுத்தேன். பத்து நிமிட வேலை.

6. உரிமை இன்னும் இருக்கிறது என்றால்

மனதுக்குப் பிடித்த படத்துக்கு உரிமை உயிரோடு இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். சில ஓவியர்களின் உரிமையைக் குடும்பத்தாரோ நிறுவனமோ நிர்வகிக்கிறார்கள். கடிதத்தில் படம் வந்த இதழ், மாதம், பக்கம், உங்கள் மொழி, பிரதிகளின் எண்ணிக்கை, விற்பனை விலை, அட்டையா உள்பக்கமா, மின்னூல் உண்டா, எந்த நாடுகள், எத்தனை ஆண்டுகள் என்று எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் கேள்வியும் பதிலுமாகவே மாதங்கள் ஓடிவிடும். நான் எழுதிய ஒரு கடிதத்துக்கு ஏழு வாரம் கழித்து மறுப்பு வந்தது. அச்சு தேதி குறித்த பிறகு இந்தப் பாதையில் இறங்காதீர்கள்.

7. நல்ல ஸ்கேன் எடுப்பது

டெமி அளவு அட்டை ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். ஓரத்தில் வெட்டுக்கு விடும் எட்டில் ஒரு பங்கு அங்குலத்தையும் சேர்த்து 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்குப் போட்டால் குறைந்தது 1725-க்கு 2625 பிக்ஸல் வேண்டும். தேடலில் வரும் படங்கள் இதில் பாதிகூட இருக்காது.

இன்டர்நெட் ஆர்கைவில் பிடிஎஃப்பை இறக்காதீர்கள். கோப்பைச் சுருக்குவதற்காக எழுத்தையும் பின்னணியையும் பிரித்துப் பிழிந்திருப்பார்கள். திரையில் தெரியாது, அச்சில் களிம்பு பூசியது போல வரும். பதிவிறக்கப் பட்டியல் முழுவதையும் திறந்து, ஜேபி2 ஜிப் என்று இருப்பதை எடுங்கள். ரசிகர்கள் ஏற்றிய இதழாக இருந்தால் சிபிஆர் அல்லது சிபிஸட் கோப்பு இருக்கும், அதுதான் மூலம். ஜேபி2 கோப்பை ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் திறந்துவிடும். ஒரே இதழைப் பலர் ஏற்றியிருப்பார்கள். எல்லாவற்றையும் பார்த்து, மடிப்பு குறைவான பிரதியைத் தேர்ந்தெடுங்கள்.

படம் விற்கும் தளங்களில் இதே அட்டைகளுக்கு விலை போட்டிருப்பார்கள். பொதுச்சொத்தான தட்டையான ஓவியத்தை உள்ளது உள்ளபடி படம் பிடித்தால் அதற்குப் புது உரிமை வராது என்று நியூயார்க்கில் 1999-இல் ஒரு தீர்ப்பு உண்டு. கோப்பின் தரத்துக்காகக் காசு கொடுத்தால் சரி. உரிமைக்காக என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

நல்ல ஸ்கேன் எங்குமே இல்லை என்றால் இதழையே வாங்கலாம் என்று தோன்றும். நான் ஒன்று வாங்கினேன். இதழின் விலையைவிட அஞ்சல் செலவு அதிகம், மேலே சுங்கம் வேறு. வந்து சேர ஐந்து வாரம். பிரித்தால் அட்டையின் ஓரம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் அட்டையின் நான்கு மூலைகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

8. சுத்தம் செய்து அச்சுக்கு அனுப்புவது

இதழின் பெயரை முதலில் எடுத்துவிடுங்கள். ஓவியம் பொதுச்சொத்தாக இருந்தாலும் இதழின் பெயர் வணிகச் சின்னமாக இருக்கலாம். அமேசிங் ஸ்டோரீஸ் போன்ற பெயர்களுக்கு இன்றும் உரிமையாளர் உண்டு. பெயரை வெட்டினால் மேலே கால்வாசி போய்விடும். மீதிப் படம் ஏறக்குறைய சதுரமாகத்தான் இருக்கும், நம் டெமி அட்டையோ நெடுக்கு. வானத்தை மேலே நீட்டி வரைவது ஒரு வழி. பாலின் வானம் பெரும்பாலும் ஒரே நிறத்தில் தட்டையாக இருப்பதால் இது எளிது. மஞ்சளோ சிவப்போ எடுத்து அப்படியே இழுத்துவிடலாம். படத்தைக் கீழ் முக்கால் பாகத்தில் கட்டம் கட்டிவிட்டு மேலே தனி நிறத்தில் தலைப்பு வைப்பது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. ஓவியத்தில் கை வைத்த மாதிரி இருக்காது.

பழைய அட்டையை உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதை அப்படியே மறுபடி அச்சடித்தால், புள்ளிமேல் புள்ளி விழுந்து சேலைப் பார்டர் போல அலைகள் கிளம்பும். பெரிய அளவில் இருக்கும்போதே லேசாக மங்கலாக்கி, அப்புறம் சிறிதாக்கினால் பெரும்பாலும் போய்விடும். தாளின் பழுப்பை முழுக்க எடுக்காதீர்கள். எடுத்தால் நேற்று வரைந்தது போலாகிவிடும். உள்பக்கக் கோட்டோவியங்களுக்கு இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். சாம்பல் நிறமே இல்லாமல் சுத்தக் கறுப்பு வெள்ளையாக்கி 600 டிபிஐ-க்குக் குறையாமல் அனுப்புங்கள். ஃபின்லே போல ஊசிமுனைப் புள்ளிகளால் வரைந்தவர்களின் படத்தைச் சாம்பலாக அடித்தால் சேறாகிவிடும்.

அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றிய பிறகு ஒரு பிரதி புரூஃப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்குச் சம்மதம் சொல்லுங்கள். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் தாளில் மங்கிவிடும். மேட் லேமினேஷன் இன்னும் கொஞ்சம் அமுக்கும். பல்ப் அட்டைகளுக்குப் பளபளப்பான கிளாஸ் லேமினேஷன்தான் பொருத்தம் என்பேன், என் வடிவமைப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

9. கோப்பும் நன்றிக் குறிப்பும்

ஓர் உறையோ ஒரு மடிகணினிக் கோப்புறையோ, ஏதாவது ஒன்றில் இவை இருக்கட்டும். இதழின் முழு அட்டை, பதிப்புரிமை அறிவிப்பு உள்ள பக்கம், ஐஎஸ்எஃப்டிபி பக்கத்தின் பிரதி, ஓவியரின் இறப்பு ஆண்டுக்கு ஆதாரம், தேடிய தொகுதிப் பக்கங்கள், ஸ்கேன் எடுத்த முகவரியும் தேதியும். மேலே ஒரு பக்க ஆங்கிலக் கடிதம்: படம் எது, எப்போது வெளியானது, அமெரிக்காவில் ஏன் பொதுச்சொத்து, இந்தியாவில் ஏன் பொதுச்சொத்து. தளங்கள் சான்று கேட்டால் சில நாட்களே அவகாசம் கொடுப்பார்கள். அப்போது தேட ஆரம்பித்தால் நடக்காது.

புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கத்தில் இப்படிப் போடுங்கள்: 'முன்னட்டை ஓவியம்: ஃபிராங்க் ஆர். பால், அமேசிங் ஸ்டோரீஸ், ஆகஸ்ட் 1927. இதழின் பெயர் நீக்கப்பட்டு, அளவு மாற்றப்பட்டுள்ளது.' பொதுச்சொத்துக்குப் பெயர் போட வேண்டுமா என்று கேட்பார்கள். இந்தியச் சட்டத்தில் படைப்பாளியின் பெயருக்கான உரிமை பதிப்புரிமையிலிருந்து தனியானது, அதனால் போடுவதே பாதுகாப்பு. தவிர, அந்த மூன்றுகால் எந்திரத்தை ராத்திரி உட்கார்ந்து வரைந்தவர் அவர்.

என் இரண்டாம் பதிப்புக்கு, படம் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து அச்சகத்துக்குக் கோப்பு போன நாள்வரை மூன்று வாரம் ஆனது. மின்னூலை ஏற்றிய நான்காம் நாள் தளத்திலிருந்து அதே சான்றுக் கேள்வி வந்தது. கோப்புறையை ஜிப் செய்து அனுப்பினேன். மறுநாள் மாலை புத்தகம் விற்பனைக்கு வந்துவிட்டது.